கடனை அடைத்தால் சிபில் ஸ்கோர் இறங்குமா? அடேங்கப்பா, இத்தனை ஆச்சரியங்களா!

கடைசித் தவணையையும் கட்டியாச்சு. அடுத்த மாதம் ஆசையாக சிபில் ஸ்கோரைத் திறந்து பார்க்கிறீர்கள். ஏறியிருக்க வேண்டிய எண், சில புள்ளிகள் இறங்கியிருக்கிறது! இப்படி நடக்குமா? நடக்கும்! அதுவும் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியவருக்கே நடக்கும்!

ஏன் தெரியுமா? உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு தவணைக் கடன், மற்றதெல்லாம் கிரெடிட் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடன் முடிந்ததும் கார்டு மட்டும்தான் மிச்சம். பலவகைக் கடனையும் சமாளிக்கிறவர் என்ற மதிப்பு கொஞ்சம் குறைகிறது. பயப்பட வேண்டாம்! இறக்கம் சின்னது, பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். ஸ்கோர் குறையுமே என்று நினைத்துக் கடனை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். மிச்சமாகும் வட்டிக்கு முன்னால் அந்தச் சில புள்ளிகள் ஒரு பொருட்டே இல்லை!

ஸ்கோர் 300-ல் தொடங்கி 900-ல் முடிகிறது, தெரியுமா? எவ்வளவு மோசமாகக் கடன் கட்டியவருக்கும் பூஜ்யம் வராது! சரி, வாழ்நாளில் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதவருக்கு 900 கிடைக்குமா? கிடைக்காது! அவருக்கு வருவது மைனஸ் 1! கெட்ட பெயர் என்று அர்த்தமில்லை. கடன் வரலாறே இல்லை என்று அர்த்தம். முதன்முதலாகக் கடன் கேட்டு வருகிறவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையில் இருக்கிறது!

இந்த எண் விளையாட்டு எங்கே தொடங்கியது? அமெரிக்காவில், 1956-ல்! பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மொத்த முதலீடே 800 டாலர்! அவர்கள் இருவரின் பெயரில் பிறந்ததுதான் இன்று அமெரிக்கர்களின் வீட்டுக்கடன், கார் கடனையெல்லாம் தீர்மானிக்கிற ஃபிக்கோ ஸ்கோர்! அங்கே உச்சம் 850. நம் உச்சம் அதைவிட 50 அதிகம்!

சிபில் என்பது அரசாங்க அலுவலகம் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! கடன் விவரங்களைத் திரட்டி ஸ்கோர் போடுகிற, 2000-ல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம். அது மட்டும்தானா? எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன! ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நான்கு விதமான ஸ்கோர் இருக்கலாம்! நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. ஆக, ஆண்டுக்கு நான்கு ரிப்போர்ட், செலவு பூஜ்யம்! நீங்களே எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறையாது!

அந்த 36 கட்டங்கள்!

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கடனுக்கும் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். மாதத்துக்கு ஒன்று, மொத்தம் 36! ஒரு கட்டத்தில் 000 என்று இருந்தால் பதறாதீர்கள். வாங்க முடிந்ததிலேயே நல்ல மதிப்பெண் அதுதான்! தாமதம் பூஜ்யம் நாள்! 030 என்றால் 30 நாள் பாக்கி. 090-ஐத் தாண்டினால் வாராக்கடன்! மூன்று எக்ஸ் எழுத்து இருக்கிறதா? அந்த மாத விவரத்தை வங்கி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள் ஆச்சரியத்தை! மொத்தக் கடனையும் இன்றைக்கே ஒரே மூச்சில் அடைத்தாலும் போன வருடத்து 060 அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும்! பணம் கட்டினால் பாக்கி போகும், பழைய தாமதம் போகாது! புதிதாக 000, 000 என்று கட்டங்கள் சேரச் சேர, பழையது பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்!

அப்படியானால், “பத்தாயிரம் கொடுங்க சார், சிபில்ல இருந்து பேரையே எடுத்துடுறோம்” என்று போன் செய்கிறார்களே? நம்பாதீர்கள்! உண்மையான பதிவை யாராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. கடன் கொடுத்த வங்கி சொன்னால்தான் மாறும். வங்கி சொல்வதற்கும் காரணம் வேண்டும்! கடனில் தவிக்கிற மனிதரிடம் இருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்குகிற வேலை இது. நினைத்தாலே வயிறு எரிகிறது!

‘செட்டில்டு’ என்றால் சந்தோஷமா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி! கார்டு பாக்கி 1 லட்சம். வங்கியிலிருந்து அழைக்கிறார்கள்: “60 ஆயிரம் கட்டுங்க, கணக்கை முடிச்சிடலாம்.” 40 ஆயிரம் மிச்சம்! யாருக்குத்தான் கசக்கும்? உடனே புரட்டிக் கட்டிவிடுகிறோம். ஆனால் ரிப்போர்ட்டில் என்ன விழுகிறது தெரியுமா? ‘குளோஸ்டு’ இல்லை, ‘செட்டில்டு’! காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வங்கிக்காரர் கண்ணுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! குளோஸ்டு என்றால் முழுப் பணமும் வந்துவிட்டது. செட்டில்டு என்றால் வாங்கியதை முழுசாகத் தராமல் பாதியில் பேசி முடித்தவர்!

இன்னொன்று தெரியுமா? இப்படிச் சமரசமாக முடித்தவருக்கு அதே வங்கி மறுபடியும் கடன் கொடுக்க வேண்டுமானால், குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும்! 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. விவசாயக் கடனுக்கு மட்டும் தனிக் கணக்கு.

மாற்ற வழியே இல்லையா? இருக்கிறது! விடுபட்ட அந்த 40 ஆயிரத்தையும் வங்கியிடம் பேசிக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு, ‘செட்டில்டு’ என்பதை ‘குளோஸ்டு’ ஆக்கச் சொல்லிக் கேட்கலாம். பல ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம்! வேலை போய், வீட்டில் மருத்துவச் செலவு வந்து, வேறு வழியில்லாமல் செட்டில்மென்ட்டுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது!

ஒரே ஒரு ரூபாய் பாக்கி ஒருவரை நீதிமன்றம் வரை கொண்டுபோகுமா? போயிருக்கிறது, நம் ஊரிலேயே! 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. நகைக்கடனைக் கட்டிவிட்டேன், 1 ரூபாய் பாக்கி என்று சொல்லி 138 கிராம் நகையை வங்கி திருப்பித் தர மறுக்கிறது என்று முறையீடு! 17 பவுனுக்கு மேல்! ‘எல்லாம் கட்டியாச்சு’ என்று நாம் நினைப்பதும் கணக்குப் புத்தகம் நினைப்பதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை! ஆமாம், நகைக்கடனும் சிபிலில் ஏறும்! வட்டியில்லாத் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜும் ஏறும்!

வீட்டுக்கடனை முடித்துவிட்டீர்களா? அசல் பத்திரம் 30 நாளுக்குள் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்! வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு! பத்து நாள் தாமதம் என்றால் 50,000! 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி. எத்தனை பேர் கேட்டு வாங்கியிருப்பார்கள்?

கார்டு காட்டும் வித்தைகள்!

கார்டு பில்லைக் கெடு தேதிக்கு மறுநாள் கட்டினால் சிபிலில் கறுப்புப் புள்ளி விழுந்துவிடுமா? விழாது! கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் பாக்கி என்று சொல்லலாம், அபராதமும் அதற்குப் பிறகுதான்! அதற்காக மாதாமாதம் மூன்று நாள் சலுகை என்று பழகிவிட வேண்டாம்.

மினிமம் தொகை மட்டும் கட்டினால்? கட்டம் 000 என்றே காட்டும்! ஆனால் பணம் என்னாகிறது பாருங்கள். பாக்கி 1 லட்சம், மாத வட்டி மூன்றரை சதவீதம். வட்டி 3,500, அதற்கு ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய். நீங்கள் 5,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 870! ஐயாயிரம் போன இடத்தில் ஆயிரம்கூடக் குறையவில்லை! ஸ்கோர் சிரிக்கும், பர்ஸ் அழும்!

பழைய கார்டை அடைத்து மூடுவது நல்லதுதானே என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள்! இரண்டு கார்டு, ஒவ்வொன்றிலும் 1 லட்சம் லிமிட். செலவு மொத்தம் 50 ஆயிரம். பயன்பாடு 25 சதவீதம், அருமை! ஒன்றை மூடுகிறீர்கள். அதே 50 ஆயிரம் இப்போது 50 சதவீதம்! ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, பயன்பாடு இரட்டிப்பு! 30 சதவீதத்துக்குள் வைத்திருங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டு என்றால் அதை விட்டுவைப்பேன். கட்டணம் தீட்டுகிற கார்டென்றால் யோசிக்காமல் மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து 7 வேலை நாள் தாண்டினால், மூடும்வரை நாளுக்கு 500 ரூபாயை வங்கி உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும்!

கடனை அடைத்தது ரிப்போர்ட்டில் ஏற எத்தனை நாளாகும்? முன்பெல்லாம் மாதம் ஒருமுறைதான் வங்கிகள் விவரம் அனுப்பும். 15 நாளுக்கு ஒருமுறையாவது அனுப்பியாக வேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் விதி வந்தது! அப்படியும் ஏறவில்லையா? புகார் கொடுங்கள்! 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு! 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது இது. உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது இமெயில் வர வேண்டும் என்பதும் அதே சமயத்தில் வந்த விதிதான்!

இவ்வளவு சிரமப்பட்டு ஸ்கோரைக் காப்பாற்றி என்ன லாபம்? 30 லட்சம் வீட்டுக்கடன், 20 ஆண்டு. எட்டரை சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஒன்பது சதவீதமானால் 26,992. வித்தியாசம் ஆயிரம்கூட இல்லையே என்கிறீர்களா? 240 மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 2 லட்சத்து 30 ஆயிரம்! அரை சதவீதத்துக்கு!

கடைசியாக ஒன்று. நண்பருக்காகவோ மச்சானுக்காகவோ எப்போதாவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அந்தக் கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் இருக்கும்! நீங்கள் ஒரு பைசா வாங்கவில்லை, ஆனாலும் அவர் தவணையைத் தவறவிட்டால் அடி உங்களுக்கும் விழும்! அவர் முழுசாக அடைத்துவிட்டதாகச் சொன்னாரா? நல்ல மனிதர்! உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ ஆகிவிட்டதா, பார்த்தீர்களா?