கணக்கின் கதை – 14: பத்தைப் பிரித்து நாற்பது

உள்ளே ஓர் எண் போனால், விதிப்படி ஒரே ஓர் எண் வெளியே வரும். அதுதான் சார்பு என்று போன வாரம் பார்த்தோம். உள்ளே எவையெல்லாம் போகலாம் என்பது மதிப்பகம். வெளியே எவையெல்லாம் வருகின்றன என்பது வீச்சகம். பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்த வரையறைகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு பழைய கணக்கு காட்டும்.

இத்தாலியரான ஜெரோலாமோ கார்டானோ 1545இல் வெளியிட்ட 'ஆர்ஸ் மாக்னா' நூலில் வரும் கணக்கு அது: பத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டையும் பெருக்கினால் நாற்பது வர வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். 1, 9 என்று பிரித்தால் 9. 2, 8 என்றால் 16. அடுத்து 21, 24. 5, 5 என்றால் 25. அதன்பின் 6, 4 என்று போனால் மறுபடி 24. பின்னங்களை எடுத்தாலும் 25ஐத் தாண்டாது. ஒரு பகுதி 5இலிருந்து எவ்வளவு கூடுகிறதோ, மற்றது அவ்வளவு குறையும். அந்த விலகலை 'வி' என்றால், பெருக்கற்பலன் (5 + வி)(5 − வி), அதாவது 25 − வி². மெய்யெண்ணின் வர்க்கம் குறை எண்ணாகாது. எனவே 25தான் உச்சம்.

ஒரு பகுதி உள்ளே போக, பெருக்கற்பலன் வெளியே வருகிறது; ஆகவே இதுவும் ஒரு சார்புதான். 1 முதல் 9 வரையான முழு எண்கள் மட்டுமே மதிப்பகம் என்றால், வீச்சகம் 9, 16, 21, 24, 25 என்ற ஐந்தே எண்கள். 0 முதல் 10 வரையான மெய்யெண்கள் எல்லாம் என்றால், 0 முதல் 25 வரை அத்தனையும். எல்லா மெய்யெண்களையும் உள்ளே விட்டால், 11, −1 என்று பிரித்து −11கூடப் பெறலாம்; 25க்குக் கீழே எதுவும் கிடைக்கும். விதி ஒன்றேதான். மதிப்பகம் மாறினால் வீச்சகமும் மாறுகிறது. 40 மட்டும் எதிலும் இல்லை.

கார்டானோ அதோடு விடவில்லை. 25 − வி² = 40 என்றால், வி² = −15. ஆகவே 5 + √−15, 5 − √−15 என்று விடை எழுதினார். பெருக்கினால் 25 − (−15) = 40. கணக்கு சரி, ஆனாலும் இதனால் பயனில்லை என்றே கருதினார். 1572இல் ரஃபேல் பொம்பெல்லி இத்தகைய எண்களைக் கையாள விதிகள் வகுத்தார். இன்று அவை கலப்பெண்கள். அவற்றை மதிப்பகமாகக் கொண்டால், 40 மட்டுமல்ல, எந்த எண்ணும் இந்தச் சார்பின் வீச்சகத்தில் உண்டு.

ஆக, 'விடை இல்லை' என்பது பாதிப் பேச்சு. எந்த மதிப்பகத்தில் இல்லை என்றும் சொல்ல வேண்டும். 20 மீட்டர் வேலியால் செவ்வகத் தோட்டம் அடைப்பவருக்கு 25 சதுர மீட்டருக்கு மேல் கிடைக்காது; கலப்பெண்ணால் வேலி போட முடியாது. சூத்திரத்தைக் கண்டதும் பிரதியிட ஓடும் மாணவர்கள், முதல் வரியில் மதிப்பகத்தை எழுதிப் பழகட்டும். பாதித் தவறுகள் அங்கேயே நிற்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 4 போனாலும் 24, 6 போனாலும் 24. அப்படியானால் 24ஐ மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே போனது எது என்று கண்டுபிடிக்க முடியுமா? அடுத்த வாரம், நேர்மாறுச் சார்பு.