தேநீரில் ஓர் ஆணி

பழுப்பேறிய வெள்ளைச் சட்டையைத் தேநீரில் முக்கினால் நிறம் நிற்குமா என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். நிற்கும். வேட்டியில் சிந்திய டீயை லேசில் எந்தச் சோப்பும் எடுத்துவிடுவதில்லை. அந்தக் கறையையே துணி முழுக்கச் சீராகப் பரப்புகிறோம், அவ்வளவுதான். பாலும் சர்க்கரையும் கூடாது. மலிவான டீத்தூளே போதும். நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, கஞ்சி போக அலசிய ஈரத்துணியை ஒரு மணி நேரம் அமிழ்த்தி, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். காய்ந்தால் நிறம் வெளிறும். சற்றுக் கூடுதலாகவே ஏறவிடுங்கள். பருத்தியும் பட்டும் பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அசையாது. பருத்திச் சட்டையைப் பாலியெஸ்டர் நூலால் தைத்திருந்தால் தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். எனக்கென்னவோ அது அழகாகத்தான் படுகிறது.

ஆனால் உண்மையான வேடிக்கை இதற்கப்புறம். துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினிகரில் ஊறப்போடுங்கள். அந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, பழுப்புத் துணியை முக்குங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு போய்ச் சாம்பல் நிறம் வரும். காற்றுப் பட்டால் இன்னும் கறுக்கும். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் டானின், இரும்போடு சேர்ந்து கரும்பொருளாகிறது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயும் அன்னபேதியும் இதே ஜோடிதான். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதிய கறுப்பு மை அந்தக் கூட்டில் பிறந்தது. காளஹஸ்தி கலம்காரியில் கடுக்காயும் பாலும் ஏற்றிய துணிமேல், இரும்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீரால் கோடு இழுக்கிறார்கள். கோடு கறுத்துவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்: வயிற்றுக்குள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் உடம்பில் இரும்பு சேர்வது குறைந்துவிடும்.

‘இயற்கைச் சாயம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் தீங்கே இல்லை என்று நம்பிவிடுகிறோம். இரும்பு அப்படிப்பட்ட சாது அல்ல. நாளாவட்டத்தில் நூலை அரிக்கும். பல பழைய சித்திரத் துணிகளில் சிவப்பும் நீலமும் நன்றாக இருக்க, கறுப்புக் கோடு போன இடம் மட்டும் உளுத்து உதிர்ந்திருக்கிறது. இரும்பு கலக்காத தேநீருமே அமிலம்தான். பழசு போலத் தெரியட்டும் என்று பூத்தையல் துணிகளையெல்லாம் தேநீரில் ஊறவைப்பது இப்போது ஒரு மோகம். பழமை வேஷம் போட்டு ஆயுளைக் குறைக்கிறார்கள். பாட்டியின் பட்டுச் சேலையை இதில் இறக்காதீர்கள். தூக்கிப்போட இருந்த சட்டை என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆணி நீரைக் குறைவாகவே கலந்து, முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பார்த்துவிட்டு, பிறகு நன்றாக அலசிக் காயப்போடுங்கள். முதல் சில சலவைக்குத் தனியாகத் துவைப்பது நல்லது.