முத்திரைக்காரர் திவாலானால்

பட்டாசுப் பெட்டியின் மேலுள்ள பெயர் ஒருவருடையதாகவும், உள்ளிருக்கும் சரக்கைச் செய்தவர் வேறொருவராகவும் இருக்கலாம். அந்தப் பெயரையோ செய்முறையையோ பயன்படுத்த உரிமம் தந்தவர் திவாலாகிவிட்டால், பணம் கட்டி வாங்கியவரின் கதி என்ன?

சிவகாசி ஆலைகள் செய்முறை விஷயத்தில் ஓரளவு கவலையின்றி இருக்கலாம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்ததை அடுத்து, நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கிய ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் கலவைகளை அவை ஒப்பந்தம் போட்டுப் பெற்றன. ஸ்வாஸ், வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அமுக்கும். சஃபலில் அலுமினியம் குறைவு. நீரி மத்திய அரசு சார்ந்தது; கடன்காரர்கள் அதை ஏலத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை. ஆபத்து இருப்பது தனியார் முத்திரைகளில்தான்.

முத்திரைக்குச் சொந்தமான கம்பெனி ரூ.1 கோடிக்குக் குறையாத கடனைக் கட்டத் தவறினால், 2016-ன் திவால் சட்டப்படி கடன் கொடுத்தவர்கள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடலாம். தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணர், கட்டடம், இயந்திரங்களோடு வணிகச் சின்னத்தையும் காப்புரிமையையும் கையில் எடுத்துக்கொள்வார். தீர்வு கிடைக்காமல் கம்பெனி கலைக்கப்பட்டால், ஆதாயமில்லாத ஒப்பந்தங்களைக் கைகழுவ, கலைப்பு அதிகாரி தீர்ப்பாயத்திடம் அனுமதி கேட்கலாம். உரிமம் பறிபோனவர் நட்டத்துக்காகக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான். தீபாவளிச் சரக்குக்கு முன்கூட்டியே அச்சடித்த லேபிள்கள் பழைய காகிதமாகிவிடும்.

அமெரிக்காவிலும் இது நடந்தது. உலோகப் பூச்சுத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்கியிருந்த லூப்ரிசால், அதைத் தந்த கம்பெனி திவாலானதால் 1985 தீர்ப்பில் உரிமத்தை இழந்தது. பதறிப்போன அந்நாட்டு நாடாளுமன்றம் 1988-ல் 365(என்) பிரிவைச் சேர்த்தது: ராயல்டியைத் தொடர்ந்து கட்டினால், மிச்ச காலத்துக்கும் காப்புரிமையைப் பயன்படுத்தலாம். அதில் விடுபட்ட வணிகச் சின்னத்துக்கு, 2019-ல் டெம்ப்னாலஜி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. இந்தியச் சட்டத்தில் இப்படியொரு பிரிவு இல்லாதது பெரிய குறை. சிறு உற்பத்தியாளர்களுக்கு அது அவசியம்.

அதுவரை கையெழுத்திடும்போதே கவனம் வேண்டும். காப்புரிமை உரிமம் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். வணிகச் சின்னத்துக்கு, 1999-ன் சட்டப்படி ‘பதிவு பெற்ற பயனாளர்’ ஆகலாம். பதிவு இருந்தால், சொத்தை வாங்க வருபவர் உரிமம் இருப்பது தெரியாது என்று தட்டிக்கழிப்பது கடினம். ரகசியக் கலவைக் குறிப்பின் ஒரு பிரதியைப் பொதுவான மூன்றாமவரிடம் ஒப்படைத்து வைக்கலாம். முத்திரைக்காரர் கம்பெனியாக இல்லாமல் கூட்டாளி நிறுவனமாக இருந்தால் தீர்ப்பாயத்தின் கதவு திறக்காது. அங்கே இன்னும் 1920-ன் மாகாண நொடிப்புச் சட்டமே பேசுகிறது, வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும்.