வடைச் சட்டியில் விழும் சுங்க வரி

திருத்தணியிலிருந்து திருப்பதி சாலையில் கிளம்பினால் நகரி வருவதற்குள் மாநிலம் மாறிவிடும். லாரியில் நெல் போனாலும் நூல் போனாலும் அந்த எல்லையில் சரக்குக்கு வரி கேட்க ஆளில்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போயின. (போலீசும் ஆர்டிஓவும் வேறு கதை.) திருத்தணியே ஒருகாலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான். ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அன்று மாறாத ஒன்று சுங்க வரி. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதை மத்திய அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. மாநிலம் எதுவானாலும் அந்த வரி டெல்லியுடையது. அதைப் பெரும்பாலும் வசூலிக்கும் இடம் துறைமுகம்.

துறைமுகத்து வரி திருத்தணி மலையடிவாரத்துக்கு எப்படி வந்து சேருகிறது என்றால், எண்ணெய்ச் சட்டி வழியாக. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஊரை நிறைக்கும்போது வடையும் பஜ்ஜியும் போடுகிற கடைக்குப் பாமாயில்தான் கட்டுப்படியாகும். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதும் அதுவே. வருவது இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. நாம் சமைக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. அதே சமயம் திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேர்க்கடலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு எண்ணெய்க்கு வரி ஏறினால் கடலைக்காரருக்குக் கொஞ்சம் மூச்சு வரும், வடைக்காரருக்கு அடக்கவிலை ஏறும். வரி இறங்கினால் நேர்மாறு. கடலை விற்ற காசில் பாமாயில் பாக்கெட் வாங்குகிற வீட்டில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படைச் சுங்க வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. 100 ரூபாய்ச் சரக்குக்கு அடிப்படை வரி 20. வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5. இந்த 25-ன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ், 2.50. ஆகமொத்தம் 27.50. ஜிஎஸ்டி இதில் சேராது. அதற்கு முந்தைய நாள் வரை மொத்தம் 5.50 தான். சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75-லிருந்து 35.75 ஆனது.

சோயா விலை குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே கிடந்த நேரம் அது. மகாராஷ்டிரத்தில் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டரை மாதம் கழித்து, 2025 மே 30-ல், கச்சா எண்ணெயின் அடிப்படை வரியைப் பாதியாக்கினார்கள். மொத்தச் சுமை 16.50-க்கு இறங்கியது. சுத்திகரித்ததற்கு மட்டும் 35.75 அப்படியே நின்றது.

எனக்குச் சுவையாகப் படுவது இந்த இடைவெளிதான். 8.25-ஆக இருந்த வித்தியாசம் 19.25 ஆகிவிட்டது. இந்தோனேசியா கச்சா பாமாயிலுக்கு ஏற்றுமதித் தீர்வையை அதிகமாகவும் சுத்திகரித்ததற்குக் குறைவாகவும் வைக்கிறது; ஆலை வேலை அங்கேயே நடக்கட்டும் என்ற எண்ணம். நம் ஆலைகள் சும்மா கிடக்காமல் ஓட வேண்டுமானால் கச்சா மலிவாக வர வேண்டும், சுத்திகரித்தது எட்டாத விலைக்குப் போக வேண்டும். ஆக, ஒரே அறிவிப்பில் வாங்குகிறவருக்கு விலைக் குறைப்பு, ஆலைக்குப் பாதுகாப்பு. கடலை விவசாயி இந்தக் கணக்கில் வரவில்லை.

யாருக்குப் போகிறது இந்தப் பணம்? அடிப்படைச் சுங்க வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸுக்கும் சர்சார்ஜுக்கும் கிடையாது. 2024 செப்டம்பருக்கு முன்பிருந்த அந்த 5.50 முழுக்கவே செஸ்ஸும் சர்சார்ஜும்தான். மாநிலங்களோடு பகிர அதில் ஒரு பைசா இல்லை. ரேஷன் பாக்கெட்டின் 25 ரூபாயோ வரி ஏறினாலும் அசையாது. கூடுகிற விலையைத் தமிழக அரசு மானியமாகச் சுமக்கும், வரி டெல்லிக்குப் போகும்.

வரியை ஏற்றுவதற்கும் வரம்பு ஒன்று இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் உச்ச அளவை எழுதிக் கொடுத்திருக்கிறது. பாமாயிலுக்கு இந்தியா எழுதியது 300 சதவீதம், சோயா எண்ணெய்க்கு 45. பாமாயிலில் இஷ்டம்போல் ஏற்றலாம், இறக்கலாம் என்ற சுதந்திரம் அங்கிருந்துதான் வருகிறது. வரியைத் தொடாமலும் கை ஓங்கலாம்: காஷ்மீர் பற்றி மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியதை அடுத்து, 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியையே இந்தியா கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது.

ஏற்ற இறக்கத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. 2018 மார்ச்சில் கச்சா பாமாயிலின் அடிப்படை வரி 44 சதவீதம். விலைவாசி சுட்டதும் 2021-ல் படிப்படியாக இறங்கி அக்டோபரில் அடிப்படை வரி பூஜ்யம். 2022-ல் உக்ரைன் போர் சூரியகாந்தி எண்ணெயை முடக்கியது. இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. அப்போது பூஜ்யம் நியாயம். பிறகு உலகச் சந்தை தணிந்தும் அந்தப் பூஜ்யம் 2024 செப்டம்பர் வரை நீடித்தது. வாங்குகிறவருக்காகக் கதவு சட்டென்று திறக்கிறது, விளைவிக்கிறவருக்காக மெல்ல மூடுகிறது. இன்னொன்று: உள்நாட்டில் எண்ணெய்ப்பனை வளர்க்க 11,040 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2021 ஆகஸ்டில். அடுத்த இரண்டு மாதத்துக்குள் கச்சா பாமாயிலின் அடிப்படை வரி பூஜ்யம். அந்தக் கன்று காய்க்கவே நாலு வருஷம் ஆகும்.

வரியை உயர்த்திப் பிடித்தாலே கடலைக்காரர் பிழைத்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. கடலை எண்ணெய் எப்போதும் பாமாயிலைவிட விலை கூடியது. ஒன்றின் வரி மற்றதன் விலையில் அப்படியே ஏறாது. நம் வேர்க்கடலையை அதிகம் வாங்கிவந்த நாடே இந்தோனேசியாதான் என்பது தனி வேடிக்கை. 2025-26-க்கு வேர்க்கடலையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலைக்குக் கொள்முதல் நடக்காவிட்டால் துறைமுகத்து வரியால் பெரிய பயன் இல்லை. ஆனாலும் எதைப் போடலாம் என்று யோசிக்கிறவருக்கு ஒரு நிலையான குறி வேண்டும்.

2025-ல் வரி பாதியானது மே 30-ல். ஆடி பிறக்க அப்போது ஒன்றரை மாதம் இருந்தது: கடைக்காரர் கிருத்திகைக் கூட்டத்துக்கு எத்தனை டின் எண்ணெய் என்று கணக்குப் போடுகிற நேரம், விவசாயி ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை வாங்கலாமா என்று யோசிக்கிற நேரம்.