கோழியும் காய்கறியுங் கலந்த பாஸ்தா

பகலெல்லாம் புத்தகசாலையிலும் ஆராய்ச்சிச் சாலையிலும் உழைத்து, இருட்டிய பின்னர் அறைக்குத் திரும்பும் மாணவனுக்கு, "இன்றிரவு யாது உண்பது?" என்னும் வினா தருக்க நூலில் வரும் எவ்வினாவினுங் கடியதாகத் தோன்றும். கல்வியின்பொருட்டு எடின்பரோ நகரில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குக் கொண்டு யாம் மூவர் ஒருங்கு வதிந்த காலத்தில் இவ்வினாவை நாடோறும் எதிர்கொண்டோம். அந்நகரில் டிசம்பர் மாதத்திற் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவன். குளிரோ எலும்பைத் துளைக்கும். அரிசி களைந்து, பருப்பு வேகவைத்து, குழம்பு கூட்டிப் பொரியலுஞ் செய்ய எமக்கு ஞாயிற்றுக்கிழமையன்றிப் பிறிதொரு நாளும் வாய்க்கவில்லை. ஆதலின் முதன் மூன்று வாரம் ரொட்டியும் பழப்பாகுமே எமது இராப்போஜனமாயின. நான்காவது வாரத்தில் எம்முள் ஒருவர் படிக்கட்டு ஏறுகையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அதன் பின்னரே, அரைமணி நேரத்தில் வயிறார உண்ணத்தக்கதொன்றைக் கற்றே தீர்வதென்று துணிந்தோம். அவ்வாறு கற்றதுதான் இங்கு விளக்கப்புகும் பாஸ்தா.

பாஸ்தா என்பது இத்தாலி தேசத்தார் கோதுமை ரவையைப் பிசைந்து, பலவகை உருவங்களிற் பிழிந்து உலர்த்திவைக்கும் பண்டம். நம் நாட்டுச் சேமியாவும் இவ்வினத்ததே. மார்க்கோ போலோ என்னும் யாத்திரிகர் இதனைச் சீனத்தினின்று இத்தாலிக்குக் கொணர்ந்தார் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அக்கூற்றுப் பொருந்தாது. அவர் வெனிஸ் நகருக்கு மீண்டது 1295ஆம் ஆண்டில். 1279ஆம் ஆண்டிலேயே ஜெனோவா நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவர் வரைந்த உடைமைப் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மாக்கரோனி குறிக்கப்பட்டுள்ளது. அதற்கும் முன்னர், 1154ஆம் ஆண்டில், சிசிலியின் அரசர் இரண்டாம் ரோஜரின் ஆதரவிற் பூகோள நூல் இயற்றிய அல்-இத்ரீசி என்னும் அராபியப் புலவர், பலெர்மோவுக்கு அண்மையிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரியா' என்ற மாப்பண்டம் மிகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றுமதியாயிற்று என்று எழுதியுள்ளார். ஈரமான மாவு கடற்பயணத்திற் கெட்டுவிடும். உலர்த்தியதோ பல மாதம் நிற்கும். அலமாரியில் நெடுநாள் கெடாது கிடந்து வேண்டும்போது உதவும் இக்குணமே, எம்மனையோர்க்கு அதனை உற்ற நண்பனாக்கியது.

இதற்கு ஏற்ற கோதுமை, ரொட்டிக்காகும் கோதுமையன்று. டூரம் என்னும் வன்கோதுமை. அதன் மணி கடினமானது. அரைத்தால் எளிதில் மாவாகாமற் பழுப்பு மஞ்சள் நிறமுள்ள ரவையாக உடையும். இத்தாலியிற் செய்யும் உலர்ந்த பாஸ்தா இக்கோதுமை ரவையினாலேயே ஆக்கப்படல் வேண்டுமென்று அந்நாட்டில் 1967ஆம் ஆண்டிற் சட்டமும் இயற்றப்பட்டது. இதன் காரணம் அடுப்பில் விளங்கும். பாஸ்தாவினுள்ளே புரதம் வலைபோற் பின்னிக்கிடக்க, அவ்வலையின் கண்களில் மாச்சத்து அடங்கியிருக்கிறது. கொதிநீரில் இட்டவுடன் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருக்க, புரதவலையோ இறுகி அதனை வெளியே ஓடவிடாது காக்கிறது. வன்கோதுமையில் இவ்வலை உறுதியானது. மென்கோதுமை மாவினாற் செய்த மலிவான சரக்கு வெகு விரைவிற் குழைந்துவிடும். கடையில் வாங்கும்போது உறையின்மீது 'டூரம்' என்ற சொல் உண்டா என்று பார்த்து வாங்குதல் நன்று.

எமது முதன் முயற்சியைச் சொல்லவே நாணமாயிருக்கிறது. உலையேற்றி அரிசியிடும் குலத்திற் பிறந்தும், அன்று பசியின் விரைவினாற் சிறிய சட்டியொன்றில் தண்ணீரையும் பாஸ்தாவையும் ஒருங்கே இட்டு, மூடிவைத்துவிட்டு அப்பாற் சென்றோம். திரும்பிவந்து பார்த்தபோது சட்டியிற் கிடந்தது சுவரொட்டிகளுக்குப் பூசும் பசையேயன்றி உணவன்று. பாஸ்தாவின் புறத்திலுள்ள மாச்சத்து முதலிற் கரைந்து பிசுபிசுக்கும். அவ்வேளையில் நீர் கொதித்துப் புரண்டுகொண்டிருந்தால், அல்லது முதலிரண்டு நிமிஷமேனும் கரண்டியாற் கிளறினால், துண்டுகள் ஒட்டா. யாம் இரண்டையுஞ் செய்திலோம்.

இரண்டாம் பிழை இதனினுங் கொடியது. கோழியிறைச்சியைப் பெருந்துண்டுகளாக வெட்டி, வாணலி கொள்ளாமல் நிரப்பி, மேலே வெளுத்தவுடன் வெந்ததென்று கருதி உண்டோம். உள்ளே செந்நிறம் மாறாதிருந்ததை விளக்கொளியில் எவருங் கவனித்திலர். எம்முள் ஒருவர் மூன்று நாள் படுக்கையிற் கிடந்து, எழுதவேண்டிய பரீட்சையொன்றையும் எழுதாது விட்டார். பச்சைக்கோழியிற் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் என்னும் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். இறைச்சியின் நடுப்பாகம் 74 பாகை செண்டிகிரேட் வெப்பம் அடைந்தால் அவை மடியும். வெப்பமானி ஒன்றை அடுக்களையில் வைத்துக்கொள்ளலாம். அஃதில்லையேல் மிகப் பெரிய துண்டைப் பிளந்து, உட்புறத்திற் செந்நிறமும் செந்நீரும் அறவே நீங்கியிருத்தலைப் பார்த்தல் வேண்டும்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். நால்வர்க்கு வேண்டுவன: பென்னே என்னும் குழல்வடிவப் பாஸ்தா 320 கிராம் (பென்னே என்றால் இறகுப்பேனாக்கள் என்று பொருள், இரு நுனியும் சாய்வாக வெட்டப்பட்டிருத்தலின் அப்பெயர்), எலும்பு நீக்கிய கோழித்தொடைக்கறி 400 கிராம், வெங்காயம் ஒன்று, வெள்ளைப்பூண்டு நான்கு பல், காரட்டு ஒன்று, குடைமிளகாய் ஒன்று, பிராக்கோலி ஒரு சிறு பூ, பச்சைப்பட்டாணி இரண்டு கைப்பிடி, பழுத்த தக்காளி ஐந்து, அல்லது தகரத்தில் அடைத்துவரும் தக்காளி 400 கிராம், ஒலிவ எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், சிறிது காய்ந்த மிளகாய், இறுதியில் துருவித்தூவப் பாலாடைக்கட்டி. நெஞ்சுக்கறியும் ஆகும், ஆயின் அது ஒரு நிமிஷம் மிகினும் நார்போல் உலர்ந்துவிடும். தொடைக்கறியோ எம்போன்ற கவனக்குறைவுடையோரைப் பொறுத்தருளும்.

வீட்டினுட் புகுந்தவுடன், மேலங்கியைக் கழற்றுமுன்னரே, பெரிய பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீரை அடுப்பேற்றி மூடிவிடுக. விரைவுச் சமையலின் இரகசியம் முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது என்பது எமது துணிபு. பிற வேலைகளெல்லாம் அத்தண்ணீர் கொதிக்குமளவில் நடப்பன. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் என்பது இத்தாலியர் கணக்கு. எமக்கு அவ்வுப்பு மிகையாகத் தோன்றியமையின் மூன்று லிட்டருக்கு 20 கிராமே இட்டோம். இவ்வளவு நீர் இன்றியமையாததன்றென்று ஹரல்டு மெக்கீ என்னும் அமெரிக்கச் சமையற் சாஸ்திர ஆசிரியர் 2009ஆம் ஆண்டிற் சோதித்து எழுதினார். ஆனால் குறைந்த நீரில் இடைவிடாது கிளற வேண்டும். எமக்குக் கை ஒழிவதில்லையாதலின் பழைய முறையையே கொண்டோம்.

தண்ணீர் காயும்பொழுது முதலிற் காய்கறிகளை நறுக்குக. அதன் பின்னரே கோழியை நறுக்குக. இவ்வரிசையை மாற்றலாகாது. கோழி நறுக்கிய பலகையிற் காய்கறி நறுக்கினால் கிருமி அதிற் பற்றும். கோழியைக் கழுவுதலைப்பற்றி எம் வீட்டில் நெடிய வாதம் நிகழ்ந்தது. மஞ்சட்டூள் இட்டு மும்முறை கழுவாத கறியை நம் அன்னைமார் அடுப்பிலேற்ற இசையார். ஆயின் குழாயடியிற் கழுவுங்கால் நீர்த்துளிகள் தெறித்துத் தொட்டியிலும் அருகிலுள்ள பாத்திரங்களிலும் கிருமிகளைப் பரப்புகின்றன என்பது அமெரிக்க விவசாய இலாகாவார் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாற் புலப்பட்டது. கிருமியைக் கொல்வது தண்ணீரன்று, தீயே. கடையில் துப்புரவாக்கி உறையிலிட்டு விற்கும் கறியைக் கழுவாது, தாளினால் ஈரம் ஒற்றியெடுப்பதே தகுதி. அன்னைக்கு எழுதிய கடிதங்களில் இதனை யாம் குறிப்பிட்டதில்லை.

ஈரம் ஒற்றுவதிற் பிறிதொரு பயனும் உண்டு. வாணலியை நன்றாகக் காயவைத்து, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, ஓரங்குல அளவாக நறுக்கி உப்பும் மிளகும் தடவிய துண்டுகளை ஒன்றையொன்று தொடாதபடி பரப்புக. சட்டி சிறிதாயின் இருமுறையாக இடுக. இரண்டு நிமிஷம் அவற்றைத் தொடவே கூடாது. இறைச்சியின் மேற்புறம் உலர்ந்து வெப்பம் மிகும்போது, புரதக்கூறுகளும் சருக்கரைக்கூறுகளும் கூடி, பொன்னிறமும் நறுமணமும் உண்டாகின்றன. இதனை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் லூயி காமீய் மையார் என்னும் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர். ஈரம் இருக்குமளவும் வெப்பம் நீரின் கொதிநிலையைக் கடவாது. அப்பொழுது கறி வறுபடாமல் வெந்நீரில் அவிந்ததுபோல் வெளிறிக்கிடக்கும். எமது பழைய வாணலியில் நேர்ந்தது அதுவே. இருபுறமும் சிவந்து உள்ளும் வெந்தபின், ஆறேழு நிமிஷத்தில், அவற்றைத் தூய தட்டொன்றில் எடுத்துவைக்க. பச்சைக்கறி வைத்திருந்த தட்டு உதவாது.

அவ்வாணலியின் அடியிற் பழுப்பாக ஒட்டியிருப்பதைத் தேய்த்துக் கழுவிவிடுவோர் சுவையின் பெரும்பகுதியைச் சாக்கடையில் ஊற்றுவோராவர். எஞ்சிய எண்ணெயையும் வெங்காயம், காரட்டு, குடைமிளகாய் ஆகியவற்றையும் அதிலேயே இட்டு நான்கு நிமிஷம் வதக்குக. பின்னர்ப் பூண்டும் மிளகாயும் சேர்த்து அரை நிமிஷம். பூண்டு கருகினாற் கசக்கும். உடனே தக்காளியை இட்டுக் கரண்டியால் அடியைச் சுரண்டினால், ஒட்டியிருந்ததெல்லாங் கரைந்து சாறாகும். அது தளதளவென்று கொதித்துச் சுண்ட எட்டு நிமிஷம் ஆகும்.

இதற்குள் உலைநீர் கொதித்திருக்கும். உப்பிட்டு, பாஸ்தாவைப் பெய்து, இரண்டு நிமிஷம் கிளறுக. உறையின்மேற் குறித்த காலத்திற்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே எடுத்துவிடல் வேண்டும். கடித்துப்பார்த்தால் நடுவிற் சிறிது உறுதி தோன்றும். இப்பதத்தை இத்தாலியர் 'அல் தெந்தே' என்பர். பல்லுக்கு இசைவது என்பது கருத்து. எடுப்பதற்கு மூன்று நிமிஷம் முன்னர்ப் பிராக்கோலியையும் பட்டாணியையும் அதே நீரில் இட்டால் வேறொரு பாத்திரம் வேண்டுவதில்லை. பாத்திரம் கழுவும் முறை அன்று எவருடையதோ அவர் இதனைப் பெரிதும் பாராட்டுவர்.

சோறு வடிப்பதுபோற் சிப்பலில் வடிக்குமுன், ஒரு குவளை நீரை முகந்து வைத்துக்கொள்க. கஞ்சியின் அருமை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாச்சத்துக் கரைந்த அந்நீரே எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாது இணைத்து, பாஸ்தாவின்மேற் பளபளவென்று படியச் செய்வது. வடித்த பாஸ்தாவைத் தண்ணீரில் அலசுவோரும், உலையில் எண்ணெய் ஊற்றுவோரும் உளர். முன்னையது அம்மாச்சத்தைக் கழுவிப் போக்கும். பின்னையது பாஸ்தாவின்மேற் படிந்து சாறு பற்றாதபடி வழுக்கும். வடித்ததையும் கோழியையும் வாணலியிற் கொட்டி, முகந்த நீரிற் பாதியை விட்டு, ஒரு நிமிஷம் புரட்டுக. அடுப்பை அணைத்தபின்னரே பாலாடைக்கட்டியைத் தூவுக; கொதிக்கும்போது தூவினால் திரண்டு நூல்நூலாக இழுக்கும்.

இத்தாலிய மாணவி ஒருத்தியை ஒருநாள் விருந்துக்கு அழைத்தோம். அவள் தட்டைப் பார்த்துச் சிறிது நேரம் வாளாவிருந்தாள். அவர்கள் நாட்டு வழக்கிற் பாஸ்தா முதற்பந்திக்குரியது. கோழியிறைச்சி இரண்டாம் பந்தியில் தனியே வருவது. இரண்டையும் ஒரே தட்டிற் கலப்பது பெரும்பாலும் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் பிற்காலத்திற் கைக்கொண்ட முறை. எனினும் இரண்டாம் முறையும் வாங்கி உண்டாள் என்பதைப் பதிவு செய்கின்றோம்.

எஞ்சியதைக் குறித்து ஒரு செய்தி. 2008ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தில் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் முன்னர்ச் சமைத்து அடுக்களையில் வெளியே வைத்திருந்த தக்காளிச் சாறு கலந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்டு, அன்றிரவே உயிர்நீத்தார். பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியே காரணமென்று 2011ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவக் கட்டுரை கூறுகிறது. அக்கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவா. உணவு வெளியிற் கிடக்குங்கால் அவை முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சைக் கக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சோற்றுக்கும் இது பொருந்தும். ஆகையால் எஞ்சியதை ஆழமில்லாத பாத்திரத்திற் பரப்பி, சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுக. மூன்று நாளைக்கு மேல் வைக்கவேண்டா. ஆறிய பாஸ்தா சாற்றையெல்லாம் உறிஞ்சி இறுகியிருக்குமாதலின், மறுநாள் எடுக்கும்போது இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, ஆவி பறக்குமளவும் வாணலியிற் கிளறுக.