படைமுகாமில் ஒரு பெண்கள் ஐக்கியம்

அமெரிக்க ராணுவத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு இடமாற்றம் வருவது வழக்கம். மனைவிக்கு வேலை போகிறது, தோழிகள் போகிறார்கள். கணவர் களத்துக்குக் கிளம்பிவிட்டால் புது ஊரில் பிள்ளைகளோடு தனியாகிறார். 1950களில் ராணுவச் சிற்றாலயங்களை ஒட்டி வளர்ந்த புராட்டஸ்டன்ட் பெண்கள் ஐக்கியத்துக்குப் பலம் தருவது பிரசங்கம் மட்டுமல்ல, அது எங்கும் ஒரே மாதிரி இருப்பதும்தான். ஜெர்மனியிலிருந்து டெக்சாசுக்கு மாறினாலும் அங்கேயும் வாரநாளில் வேதபாடம், ஜெபம், போன வருடம் இதேபோல் பெட்டியோடு வந்திறங்கிய ஒருத்தி. பழகுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

குடும்பங்களுக்கு உதவ ராணுவமே குழுக்கள் வைத்திருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குழுக்கள் கணவரின் படைப்பிரிவோடு பிணைந்தவை. மனச்சோர்வையோ வீட்டுச் சண்டையையோ அங்கே சொன்னால் மேலதிகாரி காதுக்குப் போகுமோ என்ற தயக்கம் இயல்பு. (ஜெபக் கூட்டத்திலும் கணவரின் பதவி கூடவே வந்து உட்காரலாம், அது வேறு கதை.) அரசுச் செலவில் மதமா என்ற கேள்வி இன்னும் கனமானது. இந்த ஐக்கியத்துக்கும் அடிப்படையான ராணுவப் போதகர் பணியை எதிர்த்த வழக்கில் 1985இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊர்விட்டு ஊர் அனுப்பப்படுவோரின் வழிபாட்டு உரிமைக்கு அது தேவை என்று பெருமளவில் ஏற்றது. ஆனால் வேறு மதத்தைச் சேர்ந்த, அல்லது நம்பிக்கையே இல்லாத மனைவியின் தனிமைக்கு அந்தத் தீர்ப்பில் மருந்து கிடையாது. அவருக்கு அரசுக் குழுக்களும் ஆலோசகர்களும் இருந்தே ஆகவேண்டும்; ஐக்கியத்தைக் காட்டி அந்தச் செலவைக் குறைப்பது நியாயமாகாது.