பாடக் காணொலி தொகுக்க எந்த மென்பொருள்?

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட பிறகு, பாடத்தைத் திரையில் பார்ப்பது நம் மாணவர்களுக்குப் பழகிவிட்டது. இருப்பினும், தம் ஊரையே பாடமாகத் திரையில் காணும்போது அவர்கள் காட்டும் ஆர்வம் தனி. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) உரிய அனுமதியுடன் கைப்பேசியில் படம்பிடித்து, குடவோலை முறையை 5 நிமிடத்தில் விளக்கிவிடலாம். படம்பிடிப்பது எளிது. வீட்டுக் கணினியில் தொகுக்கும்போதுதான் சிக்கல். கணினிக்குப் பொருந்தாத மென்பொருளை நிறுவினால், படம் திக்கித் திக்கி ஓடும். வேலை பாதியில் நிற்கும்.

முதலில் கணினியைப் பாருங்கள்

மென்பொருளின் புகழை விட நம் கணினியின் ரேம் அளவே முக்கியம். திரைப்படத் துறையினர் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அதற்கு 16 ஜி.பி. ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் தேவை. ஷாட்கட், ஓப்பன்ஷாட், கேடென்லைவ் ஆகிய மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள்; விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்; படத்தில் வாட்டர்மார்க் பதிக்காது. ஷாட்கட்டுக்குச் சாதாரணத் தரப் படமென்றால் 4 ஜி.பி., எச்.டி. படமென்றால் 8 ஜி.பி. ரேம் போதும்.

நமக்குத் தேவையானவை நான்கே

வெட்டுதல், ஒட்டுதல், குரல் சேர்த்தல், தலைப்பிடுதல். இந்நான்கும் மேற்சொன்ன மூன்றிலும் உண்டு. ஒரு நிமிடப் படத்தை வைத்து முதலில் சோதித்துப் பாருங்கள். படம் தடுமாறினால் 'புராக்ஸி' வசதியை இயக்குங்கள். தொகுக்கும் நேரத்தில் மட்டும் சிறிய நகல் பயன்படும். இறுதிப் படம் மூலத் தரத்திலேயே வரும்.

கவனிக்க வேண்டியவை

1. தலைப்பில் 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகள் சிதைகின்றனவா எனப் பாருங்கள். சிதைந்தால், தலைப்பை லிபர்ஆபீஸ் இம்ப்ரெஸில் தட்டச்சு செய்து படமாகச் சேமித்து இணைக்கலாம்.

2. நாம் சேமிக்கும் திட்டக் கோப்பில் காட்சிகள் இருப்பதில்லை. அவை இருக்கும் இடம் மட்டுமே பதிவாகியிருக்கும். எனவே எல்லாக் காட்சிகளையும் ஒரே கோப்புறையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நடுவில் இடம் மாற்றாதீர்கள்.

3. இறுதிப் படத்தை 720பி அளவில் எம்.பி.4 கோப்பாக எடுத்தால் வகுப்பறைத் திரைக்குப் போதும். நொடிக்கு 2 மெகாபிட் என அமைத்தால், 5 நிமிடப் படம் சுமார் 75 எம்.பி. ஆகும். பெற்றோரின் கைப்பேசிக்கும் அனுப்ப முடியும்.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோ புதிய கணினியோ இல்லை என்பதற்காக நல்ல பாடம் ஒன்று கைப்பேசியிலேயே தங்கிவிட வேண்டாம். இருக்கும் கணினிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பருவத்தில் ஒரு பாடத்தையாவது தொகுத்துப் பாருங்கள்.